உப்பளத்துச் சிவப்பும் துருவத்துச் செம்பனியும்

கண்டமங்கலத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்குப் பனி என்பது, மார்கழி விடியலில் வைக்கோற்போரின் மேல் ஈரமாகப் படிந்து, சின்னபாபுசமுத்திரம் ரயில் நிலையத்தை அரைமணி நேரம் கண்ணுக்கு மறைத்து, வெயில் ஏறியதும் இருந்த சுவடு தெரியாமல் போய்விடுகிற ஒரு பொருளே அல்லாமல், மலையாகக் குவிந்து ஆண்டு முழுவதும் கிடக்கக்கூடிய திடவஸ்து அன்று. ஆகையால், அந்தத் திடவஸ்து சில பிரதேசங்களில் கோடை மாதங்களில் இரத்தம்போலச் சிவக்கும், கடலோரங்களில் பசும்புல் முளைத்தாற்போலப் பச்சை கொள்ளும், ஆரஞ்சும் மஞ்சளும் ஊதாவுங்கூட ஆகும் என்று முதன்முதலில் நான் படித்தபோது, அதை மனக்கண்முன் கொண்டுவருவதற்கு எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. பிற்பாடு அந்த ஆதாரம் எனக்குக் கிடைத்த இடம் மரக்காணம்.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே, ஊசுட்டேரியை வடக்கில் விட்டுப் புதுச்சேரி போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கித் திரும்பினால், கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பு கடலோடு கலக்குமிடத்தை ஒட்டி மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை பாடுகின்ற ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த ஊரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். உப்பு வண்டியோடு ஊர் ஊராகப் போன உமணரையும், அவர்கள் பிள்ளைகளோடு பிள்ளையாக விளையாடிய மந்தியையும் அந்தப் பாட்டில் பார்க்கலாம். ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் அந்த வரப்புகளின்மேல் நடந்தபோது, ஒரே வெயிலின் கீழ், ஒரே நீர் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறுவதைக் கண்டேன். கடல்நீர் முதலில் வந்து தங்கும் பெரிய பாத்தி சேற்று நிறமாகவும், அடுத்தது பச்சையாகவும், அதற்கும் அடுத்தது மங்கிய செம்மையாகவும், உப்பு இறங்குவதற்குச் சற்று முந்திய பாத்தி ரோஜாப்பூ நிறமாகவும் இருந்தன. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் காரணம் கேட்டேன். தண்ணீர் சிவந்தால் உப்பு இறங்கப் போகிறது என்று அர்த்தம், அதற்குமேல் தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். உப்பின் கனத்தை அளக்கும் கருவி கையில் இல்லாமலே, நிறத்தைக் கொண்டு அதை அளந்துவிடுகிற அந்தக் கண்ணுக்கு முன்னால் என்னுடைய புத்தக ஞானம் மிகவும் சிறியதாகத் தோன்றிற்று.

அந்தச் சிவப்புக்குக் காரணமான ஜீவன்களில் ஒன்று, உப்பின் கடுமையில் வாழவல்ல ஒருவகைத் தொல்நுண்ணுயிர். மற்றொன்று டுனாலியெல்லா சலைனா என்னும் ஒற்றைச் செல் பாசி. பிரான்சு தேசத்து மோன்பெல்லியே நகரத்துத் தாவரவியலறிஞர் டுனால் 1838ஆம் ஆண்டில், மத்தியதரைக் கடலோரத்து உப்பளங்கள் சிவப்பதற்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று கண்டார். 1905ஆம் ஆண்டில் ருமேனிய நாட்டு அறிஞர் தியோடொரெஸ்கு அதற்கு டுனாலின் பெயரையே சூட்டினார். இரண்டு மெல்லிய சாட்டை இழைகளை அசைத்து நீந்துகிற இந்தப் பாசிக்கு, மற்றப் பாசிகளுக்கு இருப்பதுபோன்ற உறுதியான செல்சுவர் கிடையாது. சுவரில்லாத ஒரு வீட்டை உப்புக் கடலில் கட்டிக்கொண்டு, வெளியிலுள்ள உப்பு தன் உடம்பிலுள்ள நீரை உறிஞ்சிவிடாதபடி கிளிசரின் என்னும் இனிப்பான திரவத்தைத் தன்னுள்ளேயே உண்டாக்கி நிரப்பிக்கொண்டு, அதனால் அது உயிர் வாழ்கிறது. உப்பு மிகுந்து, வெயில் மிகுந்து, உணவாகிய நைட்ரஜன் குறையும்போது, காரட் கிழங்கின் நிறமாகிய பீட்டா கரோட்டினைத் தன் உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரைகூடச் சேர்த்துக்கொள்கிறது. அடிப்படையில் அது பச்சைப் பாசிதான். பச்சையின்மேல் ஒரு சிவப்புப் போர்வையை வெயிலுக்காகப் போர்த்துக்கொண்டிருக்கிறது.

துருவத்துப் பனியைச் சிவக்க வைக்கிற பாசி, இந்த உப்பளத்துப் பாசிக்கு அந்நியமன்று, ஒரே வரிசையைச் சேர்ந்த உறவு. பழைய தாவர நூல்கள் வால்வாக்கேலீஸ் என்றும், இக்கால நூல்கள் கிளாமிடோமோனடேலீஸ் என்றும் வழங்குகிற பெருங்குலத்தில் இரண்டும் அடங்கும். ஒன்று 40 பாகை வெயிலில் காய்ந்த உப்புநீரில் இருக்கிறது, மற்றொன்று உருகத் தொடங்கிய பனித்துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருக்கிறது. இவ்வளவு தூரம் விலகிப்போன இரண்டு உறவினர்கள், துன்பகாலத்தில் ஒரே வழியைக் கைக்கொள்ளுகின்றனர் என்பதே என் மனத்தைக் கவர்ந்த விஷயம். பனிப்பாசி சேர்த்துக்கொள்ளும் செந்நிறம் பெரும்பாலும் அஸ்டாசாந்தின் என்பது. நம் வீட்டுச் சட்டியில் இறால் வெந்ததும் சிவக்கிறதே, அந்தச் சிவப்பும் அதுவே.

இந்தச் செம்பனியை உலகம் கண்ட வரலாறு பழமையானது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தம்முடைய விலங்கியல் நூலில், நெடுநாள் கிடந்த பனி செம்மை கொள்ளும் என்றும், அதில் புழுக்கள் உண்டாகும் என்றும் குறித்திருக்கிறார். ஆயினும் ஐரோப்பிய மக்கள் அதைப் பற்றித் தெருவெல்லாம் பேசும்படியானது 1818ஆம் ஆண்டில். வட அமெரிக்காவுக்கு வடக்கே கப்பல் வழி தேடி இஸபெல்லா, அலெக்சாண்டர் என்னும் இரண்டு கப்பல்களோடு போன ஜான் ராஸ், கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், சுமார் 8 மைல் நீளத்துக்குச் செங்குத்தான கரைப்பாறைகளின்மேல் படிந்திருந்த பனி சிவந்து கிடப்பதைக் கண்டார். அந்த இடத்துக்குச் செம்பாறைகள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, உருகிய செந்நீரைப் புட்டிகளில் அடைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். டிசம்பர் மாதத்தில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை இந்தச் செய்தியை வெளியிட்டபோது, விண்ணிலிருந்து விழுந்த எரிகல்லின் இரும்பே இந்த நிறத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றொரு யூகத்தையும் சேர்த்தே வெளியிட்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு 2001ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஜூலை மாதக் கடைசியில் கேரளத்துக் கோட்டயம் பக்கத்தில் செந்நிற மழை பெய்தபோதும், எரிகல் வெடித்தது, வேற்றுலக உயிரணுக்கள் வந்து விழுந்தன என்ற பேச்சுகள் எழுந்தன. திருவனந்தபுரத்துப் புவியறிவியல் ஆய்வு மையமும் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஆராய்ந்து, அவை மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் வளர்கிற ட்ரென்டபோலியா என்னும் பாசியின் வித்துகள் என்று சொல்லின. ட்ரென்டபோலியாவும் பச்சைப் பாசி வகுப்பைச் சேர்ந்தது. அதுவும் கரோட்டின் சேர்த்துச் சிவக்கிறது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு இடைவெளியில், பனியிலும் மழையிலும், மனிதன் சிவப்பைக் கண்டவுடன் முதலில் ஆகாயத்தைத்தான் சந்தேகித்திருக்கிறான். காலடியில் இருக்கும் பாசியை நினைக்க அவனுக்கு நேரமாகிறது.

ராஸ் கொண்டுவந்த செந்நீரைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பெரியோர்களிடையே ஒற்றுமை இல்லை. தூசித் துகள்கள் நீரில் ஓயாமல் ஆடும் ஆட்டத்துக்குத் தம் பெயரையே கொடுத்த ராபர்ட் பிரௌன் அதைப் பாசி என்றார். கியூ தோட்டத்தில் தாவரங்களை அற்புதமாகச் சித்திரம் தீட்டிவந்த ஃபிரான்சிஸ் பாவர், அது பயிர்களில் துருநோய் உண்டாக்கும் காளானின் இனம் என்று நிர்ணயித்து, 1819இல் உரிடோ நிவாலிஸ் என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் ஸ்வீடன் தேசத்து ஆகார்த் அதைப் புரோட்டோகாக்கஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1903இல் நார்வே அறிஞர் வில்லே அதைக் கிளாமிடோமோனாஸ் நிவாலிஸ் ஆக்கினார். அந்தப் பெயரே ஒரு நூற்றாண்டுக்கு மேல் புத்தகங்களிலெல்லாம் நிலைத்திருந்தது. ஒரு ஜீவனுக்கு இத்தனை பெயர் மாற்றங்கள் நேர்ந்தமைக்குக் காரணம் அறிஞர்களின் கவனக்குறைவு என்று எண்ணிவிடுதல் நியாயமாகாது. அவர்கள் கைக்குக் கிடைத்தது பெரும்பாலும் உறக்கத்திலிருந்த ஜீவன் என்பதே உண்மையான காரணம்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பனிப்பாசியின் ஆயுளில் பல நிலைகள் உண்டு. துருவத்து வசந்தத்தில் சூரியன் மீண்டு, பனியின் ஊடே நீர் கசியத் தொடங்கும்போது, முந்திய ஆண்டு படிந்து கிடந்த வித்துகள் விழித்துக்கொள்ள, அவற்றிலிருந்து சாட்டை இழைகளையுடைய பச்சை நிறச் செல்கள் வெளிப்பட்டு, ஒளியை நோக்கி நீரின் வழியே மேலே நீந்தி வருகின்றன. அங்கே பெருகி, சில இனங்களில் ஆணும் பெண்ணும்போல இணைந்து, போஷணை குறைந்து ஒளி மிகுந்ததும் சாட்டையை உதறிவிட்டு, தடித்த சுவரும் கொழுப்புமாகத் திரண்டு, சிவப்பு நிறத்தைப் போர்த்து உறங்கிவிடுகின்றன. இந்த உறங்குநிலைச் செல் மனிதக் கண்ணால் காண இயலாத அளவுடையது. சுமார் 50 செல்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் ஆகும். ஆனால் ஒரு கைப்பிடிப் பனியில் அவை எண்ணற்று நிறைந்துவிடுவதால் மலைச்சரிவே சிவக்கிறது. பிரயாணிகள் துருவத்துக்கு வரும் காலம் கோடையின் கடைசி. அவர்கள் கண்டதும் அள்ளியதும் உறங்கிப்போன செல்களையே. பச்சையாக நீந்திய பருவம் சில நாட்களில் பனியின் அடியிலேயே முடிந்துபோகிறது.

உறங்குகிற செல்லின் மேற்சுவரில் முட்கள் உள்ளனவா, வரிகள் உள்ளனவா, வழுவழுப்பாக இருக்கிறதா என்பதைக் கொண்டே பழைய அறிஞர்கள் இனம் பிரித்தனர். ஹங்கேரி நாட்டு எர்ஸெபெத் கோல் என்னும் பெண்மணி, அரிய மனவுறுதியோடு ஐரோப்பாவிலிருந்து அலாஸ்காவரை பனிமலைகளில் ஏறி இறங்கி, வர்ணப்பனியின் உயிரினங்களைச் சேகரித்து, 1968இல் கிரியோபயாலஜி என்னும் பெருநூலாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் ரொனால்டு ஹோஹாம் பனிப்பாசிகளைப் பொறுமையாக வளர்த்து, பருவம் பருவமாகக் கவனித்தபோது, ஸ்காட்டியெல்லா என்று தனிப் பேரினமாக எண்ணப்பட்டவை பல, குளோரோமோனாஸ் என்னும் நீந்தும் பாசியின் இணைவினால் பிறந்த உறங்கு வித்துகளே என்று தெரிந்தது. பட்டுப்புழுவுக்கு ஒரு பெயரும், கூட்டுக்கு ஒரு பெயரும், அந்துப்பூச்சிக்கு ஒரு பெயரும் கொடுத்து மூன்று பிராணிகளாக எண்ணியிருந்தவர்களுக்கு, அவை மூன்றும் ஒன்றே என்று ஒருநாள் புலப்பட்டாற்போன்றது அது. கோலின் உழைப்பு இதனால் வீணாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். எங்கே எந்த நிறம், எந்த உருவம் என்று அவர் வரைந்துவைத்த சித்திரங்கள் இல்லாவிட்டால், பின்னால் வந்தவர்கள் எதை எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

கடைசி அத்தியாயத்தை மரபணு எழுதியது. 2019ஆம் ஆண்டில் செக் நாட்டு லென்கா புரோஹாஸ்கோவாவும் அவருடைய சகாக்களும், பல தேசத்துப் பனிகளிலிருந்து அள்ளிய சிவப்புச் செல்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, இவை கிளாமிடோமோனாஸே அல்ல, தனித்த ஒரு பேரினம் என்று காட்டி, இரத்தத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து சாங்குவினா என்று அதற்குப் பெயரிட்டனர். சிவப்புப் பனிக்குரியது சாங்குவினா நிவாலாய்டஸ். ஆரஞ்சுப் பனிக்குரியது சாங்குவினா ஆரான்ஷியா. இதில் மனத்தைத் தொடும் விவரம் ஒன்று உண்டு: ஆய்வுக்கூடங்களில் கிளாமிடோமோனாஸ் நிவாலிஸ் என்று சீட்டு ஒட்டி ஆண்டாண்டுகளாகக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துவந்த பாசிகள், மலையில் சிவந்து கிடக்கும் பாசியே அல்ல என்பதும் அப்போது தெளிவாயிற்று. உண்மையான செம்பனிப் பாசியோ, மனிதன் வைக்கும் கண்ணாடிக் குழாயில் வளர இணங்குவதில்லை. சிவப்பு ஒரு ஜாதியின் அடையாளமாக இல்லாமல், பல ஜாதிகள் கஷ்டகாலத்தில் உடுத்துகிற உடையாக இருப்பதால்தான், நிறத்தைக் கொண்டு இனம் பிரித்தவர்கள் திரும்பத் திரும்ப வழி தவறினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்க் குளங்களில் காலையில் பச்சையாக இருந்து, வெயில் ஏறியதும் செம்பட்டை படர்ந்து, மாலையில் மீண்டும் பச்சைக்குத் திரும்புகிற யூக்ளினா சாங்குவினியா என்னும் உயிர், இந்தப் பச்சைப் பாசிக்குலத்தோடு நெருங்கிய உறவில்லாதது. அதுவும் அதே உடையை ஒரு பகற்பொழுதுக்குள் உடுத்திக் களைகிறது.

இனி, சென்னைக்கு வருவோம். துருவத்துப் பாசிக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, எஃப். இ. ஃபிரிட்ஷ் என்னும் லண்டன் பேராசிரியரின் பெயரைச் சொல்லலாம். 1902 முதல் 1904 வரை ஸ்காட்லாந்திலிருந்து தென் துருவம் சென்ற புரூஸின் குழுவினர், தெற்கு ஓர்க்னித் தீவுகளிலிருந்து அள்ளிவந்த மஞ்சள் பனியையும் சிவப்புப் பனியையும் ஆராய்ந்து, 1912இல் விவரித்தவர் அவரே. அதற்கு முன்னரே இலங்கைக்கு வந்து வெப்பநாட்டுப் பாசிகளைப் பார்த்துச் சென்றவரும் அவரே. அவரிடம் சென்று ஆராய்ச்சி செய்து திரும்பியவர் சென்னையின் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். 1886இல் பிறந்து 1963இல் மறைந்த அந்தப் பெருந்தகை, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தி, இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்பெற்றார். ஏரியையும் குட்டையையும் வயற்சேற்றையும் புண்ணிய ஸ்தலங்களைப்போலத் தேடித் திரிந்த அவர், மழைநீர் வற்றிய மண்ணின்மேல் படர்ந்து வாழும் ஒரு புதிய பச்சைப் பாசியைக் கண்டு, 1932இல் தம் குருவின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என்று அதற்குப் பெயர் சூட்டினார். வால்வாக்கேலீஸ் குலத்தின்மேல் அவருக்கிருந்த பற்று சொல்லி முடியாது; தென்னிந்தியாவில் அக்குலத்தார் கூட்டமாக வாழும் வகைகளைப் பற்றி 1933இல் எழுதிய அவர், அக்குலம் முழுவதையும் பற்றித் திரட்டிவைத்த செல்வம், அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரியின் உழைப்பினால், இருவர் பெயரிலும் 1981இல் வால்வாக்கேலீஸ் என்ற பெருநூலாக வெளிவந்தது. பனியே இல்லாத ஒரு நாட்டில், பனிப்பாசியின் குலத்தை இவ்வளவு அன்போடு படித்தவர்கள் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. அந்த நூலை நம் கல்லூரி மாணவர்கள் கையால் தொட்டேனும் பார்க்க வேண்டும் என்ற ஆவலும் உண்டாகிறது.

தென் துருவத்தின் பச்சைப் பனி, சிவப்பைவிட நமக்குப் பரிச்சயம் குறைந்தது. ஆனால் அதன் கதை சுவை மிகுந்தது. அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் கடலோரங்களில், பனி இளகி ஈரம் ததும்பும் இடங்களில், குளோரோமோனாஸ் முதலிய இனங்கள் போர்வை போர்த்தாமல் பச்சையாகவே பெருகுகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தாரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும், நேரில் நடந்து பார்த்தும் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, அத்தகைய பச்சைத் திட்டுகள் 1,679. அவற்றின் மொத்தப் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவை ஆண்டுதோறும் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் கரி சுமார் 479 டன். அந்தத் திட்டுகளில் நூற்றுக்கு அறுபது, பென்குயின் குடியிருப்புகளிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தன. பென்குயின் கடலில் மீனும் கூனிறாலும் தின்று கரையில் எச்சமிட, அந்த எச்சத்தின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கசிந்தும் காற்றில் கலந்தும் பனிக்கு வர, வெறும் நீரன்றி வேறொன்றும் தராத பனியில் பாசி செழிக்கிறது. எருக்குழியை ஒட்டிய வரப்பில் புல் செழிப்பதைப் பார்த்திருக்கும் நமக்கு இதில் ஆச்சரியமில்லை. உப்பளத்தில் நிகழ்வது இதன் மறுதலை: அங்கே பறவை பாசிக்கு ஊட்டாமல், பாசி பறவைக்கு ஊட்டுகிறது. கோடியக்கரைப் பக்கத்து உப்பங்கழிகளில் நிற்கும் பூநாரைகளின் சிவந்த இறகு, பாசியையும் பாசி தின்ற சிற்றிறாலையும் உண்டதால் வந்த நிறமே அன்றி, பிறவியில் வந்ததன்று. அண்டார்க்டிகத்தின் பச்சைத் திட்டுகளைப் பற்றிய அந்தக் கணக்கில் சிவப்புப் பாசிகள் சேர்க்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பனி வேறு, பனிக்கட்டி வேறு. அவற்றின் பாசிகளும் வேறு. உருகும் பனியடுக்கில் சிவப்பும் பச்சையும் வாழ, பனியாறுகளின் வெறுமையான கட்டிப்பரப்பில் வாழ்வது அன்சைலோனிமா என்னும் பேரினம். அதன் நிறம் ஊதா கலந்த கபிலம். அது கரோட்டினால் வந்ததன்று, தேயிலைச் சாற்றின் கருமைக்கு உறவான ஒரு பீனாலியப் பொருளால் வந்தது. 1870இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் ஏறிய ஸ்வீடன் நாட்டு நோர்டென்ஷால்டும் அவருடைய தோழர் பெர்க்ரெனும் இதைக் கண்டனர். கண்டதோடு நில்லாமல், இந்தக் கறுத்த பாசி வெயிலை வாங்கிக்கொள்வதால் பனிக்கட்டி விரைந்து உருகுகிறது என்றும் நோர்டென்ஷால்டு அந்நாளிலேயே எழுதிவைத்தார். அன்சைலோனிமா சேர்ந்த வகுப்பு, கிளாமிடோமோனாஸின் குலத்திலிருந்து வெகுகாலத்துக்கு முன் பிரிந்துபோன மற்றொரு கிளை. நெல், தென்னை, பனை உள்ளிட்ட தரைத்தாவரங்கள் அனைத்துக்கும் பாசிகளில் மிக நெருங்கிய உறவு அந்த வகுப்பே என்று இக்கால மரபணு ஆராய்ச்சி சொல்லுகிறது. ஐயங்காரின் ஃபிரிட்ஷியெல்லா, மண்ணில் கிடந்தும் காற்றில் எழுந்தும் இருவிதமாகக் கிளைப்பதைக் கண்டு, நீரிலிருந்து தாவரம் கரையேறிய விதத்துக்கு அதையே எடுத்துக்காட்டாக ஒரு தலைமுறை அறிஞர்கள் கொண்டிருந்தனர். அந்தப் பீடம் இப்போது வேறொரு கிளைக்குப் போய்விட்டது. ஆயினும், தரையேறும் வித்தையை அந்தச் சென்னைப் பாசி தானாகவே தனியாகக் கற்றுக்கொண்டது என்பது அதன் மதிப்பைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நோர்டென்ஷால்டு கண்டதன் கனம் இப்போதுதான் உலகுக்கு உறைக்கிறது. புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அதன்மேல் சிவப்பு படர்ந்தால் அந்தக் கண்ணாடித்தன்மை மங்குகிறது, வெயில் உள்ளே நுழைகிறது, பனி உருகுகிறது. உருகிய நீர் பாசிக்கு வேண்டியதே ஆதலால் பாசி இன்னும் பெருகுகிறது. ஆர்க்டிக் பிரதேசத்தில் பல பனியாறுகளிலிருந்து எடுத்த செம்பனியை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஒரு கட்டுரை, உருகும் பருவம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இப்பாசி பனியின் வெண்மையை நூற்றுக்கு 13 பங்கு குறைத்துவிடக்கூடும் என்று கணித்தது. அடுத்த ஆண்டு அலாஸ்காவின் ஹார்டிங் பனிவெளியில் செய்த ஆராய்ச்சி, பாசி படர்ந்த சுமார் 700 சதுர கிலோமீட்டரில் நிகழ்ந்த உருகலில் ஆறில் ஒரு பங்குக்குப் பாசியே காரணம் என்றது. இதனால் பாசியைக் குற்றவாளியாக்குவது அறியாமை. அது ராஸின் காலத்திலும், அரிஸ்டாட்டிலின் காலத்திலும் இருந்தது; பனியோடு அளவாக வாழ்ந்தது. நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் காற்றைச் சூடாக்கி, உருகும் பருவத்தை நீட்டி, அதற்கு அளவுக்கு மீறிய வயலை விரித்துக் கொடுத்துவிட்டோம். கிரீன்லாந்தின் பனி முழுவதும் கரைந்தால் கடல் 7 மீட்டர் உயரும் என்கிறார்கள். அது பல நூற்றாண்டுகளின் கதை என்றாலும், கடலோடு ஏறக்குறைய சமமட்டத்தில் வரப்புக் கட்டி உப்பு விளைவிக்கும் மரக்காணத்தார்க்கு, ஓர் அடி உயர்வும் சிறிய செய்தியன்று.

இந்தப் பனிகளைக் கிட்டப்போய்ப் பார்க்கும் வாய்ப்பு நம் நாட்டுக்கும் இருக்கிறது. 1982 ஜனவரியில் காசிம் என்னும் கடலியல் அறிஞரின் தலைமையில் நம்மவர் முதன்முதலில் அண்டார்க்டிகாவில் கால்வைத்தனர். இன்று அங்கே மைத்ரி, பாரதி என்னும் இரு நிலையங்கள் உள்ளன. வட துருவத்துக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தொலைவில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்து நியூ ஒலசுண்டில் 2008 ஜூலை முதல் ஹிமாத்ரி இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள கடற்கழியின் அடியில், சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் செய்த கருவித்தொகுதி 2014இல் இறக்கப்பட்டது. ஸ்வால்பார்டின் பனிச்சரிவுகள் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் பெயர்போனவை. ஐயங்காரின் பரம்பரையில் வந்த ஒரு தமிழ் மாணவியோ மாணவனோ, ஹிமாத்ரியின் வாசலிலிருந்து புறப்பட்டு, அந்தப் பனியை ஒரு புட்டியில் அள்ளி, மரக்காணத்துப் பாத்திநீரை மற்றொரு புட்டியில் அள்ளி, இரண்டையும் ஒரே பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும் நாளை நான் விரும்பி எதிர்பார்க்கிறேன்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மரக்காணத்தில் வேலை நின்றுவிடும். அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவைத்து, உழைப்பாளர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள். பாத்திகளில் மழைநீர் நிரம்ப, உப்பின் கடுமை தளர, டுனாலியெல்லா தன் சிவப்பைக் களைந்து மீண்டும் பச்சையாகும். அதே நாட்களில் நியூ ஒலசுண்டில் சூரியன் கடைசியாக ஒருமுறை மலைக்குமேல் தலைகாட்டிவிட்டு, பிப்ரவரிவரை திரும்புவதில்லை. அங்கே சிவந்த செல்களின்மேல் புதுப்பனி விழுந்து மூடுகிறது. இருட்டில், வெயிலே இல்லாத நான்கு மாதமும், அவை போர்த்த போர்வையை எடுக்காமல் அப்படியே கிடக்கின்றன.